சுவிஸ் அலுமாரியில் இருக்கிற துவக்கு யாருடையது?

2024 நவம்பர் 9 – ரொறன்ரோ வாசகர் ஒருவரின் கேள்வி

சுவிஸில் வீட்டுக்கு வீடு துவக்கு இருக்கிறது என்கிறார்கள். அமெரிக்காவிலும் இருக்கிறது. அமெரிக்காவில் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து சுடுகிறார்கள், சுவிஸில் அப்படி ஒன்றும் நடப்பதில்லை. அப்படியென்றால் பிரச்சினை துவக்கில் இல்லை, ஆட்களில்தானே? பிறகு எதற்குச் சட்டம், தடை எல்லாம்? சுவிஸில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

நவம்பர் 9, இரவு

வீட்டுக்கு வீடு இல்லை தம்பி. ஜெனீவாவில் இருந்து இயங்கும் சிறு ஆயுத ஆய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி சுவிஸில் பொதுமக்களிடம் 100 பேருக்கு 28 துவக்கு அளவில் இருந்தது. அமெரிக்காவில் 100 பேருக்கு 120, ஆளுக்கு ஒன்றுக்கும் மேல்.

எனக்கு இது பேப்பரில் படிக்கிற விஷயம் இல்லை. மகன் போன கிழமைதான் 18 வார இராணுவப் பயிற்சி முடித்து வீட்டுக்கு வந்தான். தோளில் பை, கையில் துவக்கு. இப்போது அது அவனுடைய அறை அலுமாரியில் இருக்கிறது. 90ஆம் ஆண்டு வகைத் துவக்கு, நான்கு கிலோவுக்குக் கிட்ட நிறை. அவன் அதை வாங்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. கையெழுத்து வைத்துப் பொறுப்பெடுத்தான், அவ்வளவுதான். அது அரசாங்கத்தின் சாமான். சேவை முடியும்வரை அவன் காவலாளி. இதைப் புரிந்துகொள்ளாமல் சுவிஸையும் அமெரிக்காவையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதில் அர்த்தம் இல்லை.

நவம்பர் 10

குண்டு இருக்கிறதா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 2007க்கு முன் கொடுத்தார்கள். 50 குண்டு, முத்திரை வைத்து மூடிய பெட்டியில். போர் என்று அழைப்பு வந்தால் வீட்டு வாசலில் இருந்தே சண்டை போட்டுக்கொண்டு தன் படைப்பிரிவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது பழைய கணக்கு. பெட்டியைத் திறந்திருந்தால் பரிசோதனையில் பதில் சொல்ல வேண்டும். 2007இல் அந்த வழக்கத்தை நிறுத்த முடிவெடுத்து, பிறகு வீடுகளில் இருந்த பெட்டிகளைத் திரும்ப வாங்கிவிட்டார்கள்.

துவக்கை வைப்பதற்கும் விதி இருக்கிறது. சுட வைக்கும் உள்ளிரும்பைக் கழற்றி வேறு இடத்தில் வைக்க வேண்டும், இரண்டுமே மற்றவர் கைக்கு எட்டக் கூடாது. மகன் எங்கே வைத்திருக்கிறான் என்று எனக்கே சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி.

ஆனால் ஒன்று. குண்டு கடையில் கிடைக்கும். அடையாள அட்டையும் குற்றப் பதிவு இல்லை என்ற சான்றும் காட்டினால் வாங்கலாம். குண்டைத் திரும்ப வாங்கியதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நானும் நினைக்கவில்லை.

நவம்பர் 12

டெக்சாசில் இருக்கும் சகோதரர் எழுதியிருப்பது: "ஆயுதம் வைத்திருப்பது சுதந்திர மனிதனின் உரிமை, சுவிஸ் அதற்கு உதாரணம்."

இரண்டு நாடும் ஒரே இடத்தில்தான் தொடங்கின, அது உண்மை. நிரந்தரப் படையை நம்பாதே, ஊர்மக்களே படையாக இருக்கட்டும் என்பதுதான் இரண்டு பேருடைய பழைய எண்ணமும். 1791இல் அமெரிக்கா எழுதிவைத்த இரண்டாம் திருத்தமே ஒழுங்கான மக்கள் படையைப் பற்றித்தான் முதலில் பேசுகிறது. பிறகு பாதை பிரிந்தது. அமெரிக்காவில் மக்கள் படை மறைந்து துவக்கு மட்டும் தனிமனிதனிடம் நின்றது. 2008இல் ஹெல்லர் வழக்கில் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் அதைத் தனிமனித உரிமை என்றே தீர்ப்புச் சொன்னது. சுவிஸில் படை நின்றது, துவக்கு அதோடு சேர்ந்தே நின்றது. இங்கே அரசியலமைப்பில் 59ஆம் பிரிவு சொல்வது, ஒவ்வொரு சுவிஸ் ஆணும் படைச் சேவை செய்யக் கடமைப்பட்டவன் என்று. சொல்லே கடமைதான்.

டெக்சாசில் யுவால்டி பள்ளிக்கூடத்தில் 2022 மே 24இல் 19 பிள்ளைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் கொன்றவனுக்கு 18 வயது. தன் பிறந்தநாள் முடிந்த கையோடு போய்ச் சட்டப்படியே துவக்கு வாங்கினான். யாரும் அவனைத் தெரிந்துகொண்டு கொடுக்கவில்லை. என் மகனும் ஏறக்குறைய அதே வயதுதான். அவன் கையில் கொடுப்பதற்கு முன் பின்னணி பார்த்தார்கள், வன்முறைக் குணம் இருக்கிறதா என்று விசாரித்தார்கள், பிறகு 18 வாரம் பக்கத்தில் நின்று பழக்கினார்கள். இனி ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவார்கள். இரண்டு பெடியன்களிடமும் இருப்பது கிட்டத்தட்ட ஒரே வகைத் துவக்கு. ஒருவனைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள், மற்றவனைச் சுற்றி யாரும் இல்லை.

நவம்பர் 12, பிறகு

சுவிஸிலும் உரிமை என்று பேசும் கூட்டம் உண்டு. சுவிஸ் பழங்கதையின் வில்வீரன் வில்லியம் டெல்லின் பெயரை வைத்துக்கொண்டு 1978இல் தொடங்கிய புரோடெல் என்ற சங்கம் ஒவ்வொரு சட்டத்தையும் எதிர்க்கும். நாடு முழுவதற்கும் பொதுவான ஆயுதச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1999இல்தான், அதுவரை ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு விதி. ஆகவே ஆதிகாலம் தொட்டே கட்டுப்பாடோடு இருந்த நாடு என்றும் யாரும் நினைக்க வேண்டாம்.

நவம்பர் 13

நான் முதியோர் இல்லத்தில் வேலை. எங்கள் மாடியில் ஒரு ஐயா இருக்கிறார். மனைவியின் பெயர் மறந்துவிட்டது, மகள் வந்தால் நர்ஸ் என்று நினைப்பார். ஆனால் கோடை வந்தால் போதும், என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வி: "இந்த வருசக் கட்டாயச் சூட்டை நான் சுட்டேனா? ஆகஸ்ட் 31க்குள் சுட வேண்டுமே?"

கட்டாயச் சூடு என்றால், துவக்கு வைத்திருக்கும் படைவீரன் ஒவ்வொருவனும் வருடத்துக்கு ஒரு தடவை ஊர்ச் சூட்டுச் சங்கத்துக்குப் போய் 300 மீட்டர் தூரத்தில் 20 குண்டு சுட்டுக் காட்ட வேண்டும். போகாவிட்டால் தண்டப்பணம். சுடுவதற்கு இடம் கொடுப்பது ஊராட்சியின் பொறுப்பு. அதனால்தான் கிராமத்துக்குக் கிராமம் ஒரு சூட்டுத்திடல். சுட்டு முடித்தால் பக்கத்துச் சாப்பாட்டு மண்டபத்தில் பொரித்த சோசேச், பியர், பாட்டு. தச்சன், வங்கி முகாமையாளர், பால்காரர், ஆசிரியர் எல்லாரும் ஒரே வரிசையில் குப்புறப் படுத்துச் சுடுவார்கள். யாராவது ஒருவன் கொஞ்ச நாளாய் ஒரு மாதிரி இருக்கிறான் என்றால் அங்கே தெரிந்துவிடும். இங்கே துவக்கைக் கட்டுப்படுத்துவதில் சட்டத்தை விட இந்தப் பழக்கத்துக்குப் பெரிய பங்கு என்று நினைக்கிறேன்.

மே மாதக் கடைசியிலும் ஜூனிலும் நடக்கும் களச்சூட்டு விழாவுக்கு நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் போகிறார்கள். சூரிச்சில் செப்டெம்பரில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சூட்டுப் போட்டி இருக்கிறது. 1991 முதல் பெண்பிள்ளைகளும் சுடலாம். என் தங்கச்சியின் மகள் போய்ச் சுட்டுவிட்டு வந்தாள். தங்கச்சி அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. மகள் வந்து, "அம்மா, தோள் மட்டும் நோகுது" என்றாள்.

நவம்பர் 16

இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

சுவிஸ் ஆயுத ஒழுங்குவிதியில் 12ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சில நாட்டுக் குடிமக்கள் இங்கே துவக்கு வாங்கவோ வைத்திருக்கவோ கொண்டுதிரியவோ கூடாது. சேர்பியா, பொஸ்னியா, கொசோவோ, வட மசிடோனியா, அல்பேனியா, துருக்கி, அல்ஜீரியா, அப்புறம் இலங்கை. வேட்டைக்கும் விளையாட்டுக்கும் மாநிலம் விலக்குக் கொடுக்கலாம், ஆனால் பொது விதி தடைதான்.

என் கணவரிடம் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். மகன் சுவிஸ். ஒரே வீட்டில் அப்பாவின் பெயருக்குத் தடை, பிள்ளையின் அலுமாரியில் இராணுவத் துவக்கு. இரண்டையும் செய்தது ஒரே அரசாங்கம்.

கணவருக்குத் துவக்கு வேண்டவே வேண்டாம். கனவில்கூட வேண்டாம். இருந்தாலும் இது அவருக்குத் தெரிந்த நாளில் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். இத்தனை வருடம் சமையலறையிலும் கட்டிட வேலையிலும் நின்ற மனிதர், ஒரு தண்டப்பணத் துண்டுகூட வாங்காதவர். "அப்ப நாங்கள் எல்லாரும் சுடுகிற ஆட்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்" என்றார்.

நவம்பர் 17

"நல்லதுதானே, எங்கள் ஆட்கள் கையில் கிடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்" என்று லண்டன் வாசகர் எழுதியிருக்கிறார். தொண்ணூறுகளில் ஐரோப்பிய நகரங்களில் எங்கள் பெடியள் கோஷ்டி கோஷ்டியாக வெட்டிக்கொண்டது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆளைப் பார்த்துத் தடுக்கட்டும், குற்றப் பதிவைப் பார்க்கட்டும், மருத்துவரைக் கேட்கட்டும். கடவுச்சீட்டைப் பார்த்துத் தடுப்பது வேறு விஷயம். துவக்குப் பண்பாடு என்று இவர்கள் பேசும்போது அதற்குள் எங்கள் துவக்கு, அவர்கள் துவக்கு என்று ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். தங்கள் தாத்தா வைத்திருந்தால் மரபு, மற்றவன் வைத்திருந்தால் ஆபத்து. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1967இல் கறுப்பினத்தவரின் கறுப்புச் சிறுத்தைகள் கட்சியினர் கலிபோர்னியாவில் துவக்கோடு தெருவில் நின்ற பிறகுதான் அந்த மாநிலம் குண்டு போட்ட துவக்கைப் பொது இடத்தில் கொண்டுதிரிவதைத் தடை செய்தது. கையெழுத்து வைத்த ஆளுநர் ரொனால்ட் ரேகன்.

நவம்பர் 20

ஊரில் துவக்கு இல்லையா என்று கேட்ட தங்கச்சிக்கு: இருந்தது. வன்னியில் பெரியப்பாவிடம் ஒரு சொட்கன், அயலில் இரண்டு மூன்று இடியன் என்ற நாட்டுத் துவக்கு. பன்றி, யானை, குரங்கு. வயலைக் காக்க வேறு வழி இல்லை. லைசன்ஸ் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எடுக்க வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். 1916ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட சுடுகலச் சட்டம்தான். பெரியப்பா அந்த லைசன்ஸ் புத்தகத்தைக் காணி உறுதியோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்திருப்பார். துவக்கைத் துடைத்து எண்ணெய் பூசும் நாளில் எங்களைக் கிட்ட விட மாட்டார். அந்தக் காலத்தில் எங்களுக்கும் சுவிஸ்காரருக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. துவக்கு ஒரு பொறுப்பு, அதற்கு ஒரு காகிதம், அதற்கு ஒரு இடம்.

பிறகு எண்பதுகள். முதலில் ஒரு பக்கம் வந்து சொட்கனை எடுத்துக்கொண்டு போனது. கொஞ்சக் காலத்தில் மற்றப் பக்கம் வந்து, லைசன்ஸில் இருக்கிற துவக்கு எங்கே என்று கேட்டது. பெரியப்பா உள்ளதைச் சொன்னார். அடி வாங்கினார். அதற்குப் பிறகு அவருக்கு வலக்காது சரியாகக் கேட்கவில்லை.

எங்கள் தலைமுறை துவக்கைப் பற்றிப் படித்தது இதைத்தான்: வீட்டில் துவக்கு இருந்தால் அதைத் தேடி யாராவது வருவார்கள். டெக்சாஸ் சகோதரர் துவக்கு இருந்தால் யாரும் வர மாட்டார்கள் என்று நம்புகிறார். சுவிஸ்காரருக்கு யாராவது வருவார்கள் என்ற நினைப்பே இல்லை. இந்த மண்ணில் சுவிஸ்காரரே இரண்டு அணியாகப் பிரிந்து சண்டை போட்ட கடைசித் தடவை 1847. சில வாரங்களில் முடிந்துவிட்டது, இறந்தவர்கள் சுமார் 100 பேர். அதற்குப் பிறகு இரண்டு உலகப்போரும் எல்லையோடு நின்றுவிட்டன. அலுமாரித் துவக்கு போரில் எவரையும் சுட்டுப் பார்க்காமலே தலைமுறை தலைமுறையாகக் கைமாறியிருக்கிறது. அந்த நிம்மதி அவர்களுக்குக் கிடைத்த பாக்கியம். அதை மற்ற நாடுகளுக்குப் பாடமாகச் சொல்ல முடியாது.

நவம்பர் 21

எந்தப் பக்கத்துக்காகப் பேசுகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு: பெரியப்பாவின் கதையை வைத்து நான் யாருடைய பக்கமும் பேசவில்லை. அந்த விவாதத்துக்கு இங்கே இடம் வேண்டாம்.

நவம்பர் 24

ரொறன்ரோ தம்பி சொன்ன "அப்படி ஒன்றும் நடப்பதில்லை" என்பதற்கு வருகிறேன்.

2001 செப்டெம்பர் 27. சுக் மாநில நாடாளுமன்றத்துக்குள் ஒருவன் புகுந்து 14 அரசியல்வாதிகளைக் கொன்றான். கையில் இருந்தது இராணுவத் துவக்கின் பொதுமக்களுக்கான வடிவம். 2006 ஏப்ரலில் பனிச்சறுக்கு வீராங்கனை கொறின் ரே-பெலேயைப் பிரிந்திருந்த கணவனே இராணுவக் கைத்துப்பாக்கியால் சுட்டான், அவளுடைய சகோதரனையும் சுட்டான். 2007 நவம்பரில் சூரிச்சின் ஹொங்கில், பயிற்சி முடித்து அன்றைக்குத்தான் வீடு வந்த ஒரு பெடியன், பஸ்ஸுக்கு நின்ற 16 வயதுப் பிள்ளையை யாரென்றே தெரியாமல் சுட்டான்.

ஹொங்கில் நடந்தபோது என் மகன் கைக்குழந்தை. இந்தக் கிழமை அந்த நாள் திரும்ப வந்தது. அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இவற்றுக்குப் பிறகுதான் இராணுவத் துவக்குகளைப் படைக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று ஒரு மக்கள் முன்மொழிவு வந்தது. 2011 பெப்ரவரி 13இல் வாக்கெடுப்பு. 56 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஜெனீவா, பாசல் நகரம், சூரிச் போன்ற நகர்ப்புற மாநிலங்கள் ஆம் என்றன, மலைப்பக்கமும் கிராமங்களும் பெரும்பாலும் இல்லை என்றன. வேலையில் எனக்கு நெருக்கமான ஒரு சுவிஸ் பெண்ணும் வேண்டாம் என்றே போட்டாள். கொறின் செத்தபோது அழுதவள் அவள். ஏன் என்று கேட்டேன். "அப்பாவிடம் நம்பிக்கை இல்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்" என்றாள். அரசாங்கம் குடிமகனை நம்புகிறது, அதற்கு அடையாளம் அந்தத் துவக்கு. அதைத் திரும்பக் கேட்டால் நம்பிக்கையைத் திரும்பக் கேட்ட மாதிரி. நீதி நியாயம் பேசி இந்த உணர்வை அசைக்க முடியாது.

2019 மே 19இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய ஆயுத விதிகளை ஏற்பதா என்று இன்னொரு வாக்கெடுப்பு. இந்தத் தடவை 64 வீதம் பேர் ஆம் என்றார்கள், தெசின் மாநிலம் மட்டும் மறுத்தது. மனம் மாறிவிட்டதா என்று சந்தோசப்பட்டேன். ஆனால் அன்று பிரச்சாரம் முழுக்க, எல்லைச் சோதனை இல்லாமல் போய்வர விடும் ஷெங்கன் உடன்படிக்கை பற்றித்தான். மறுத்தால் எல்லையில் திரும்பவும் வரிசையில் நிற்க வேண்டி வரும் என்ற பயம் பெரிதாக வேலை செய்தது.

டிசம்பர் 1

இனி வருவதுதான் எனக்கு முக்கியம். எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

சுவிஸில் துவக்கால் சாகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் மற்றவன் சுட்டுச் சாவதில்லை. தாங்களே உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லாரும் ஆண்கள். பேப்பரில் வராது, ஊரில் "திடீரென்று போய்விட்டார்" என்பார்கள். முதியோர் இல்லத்தில் பேச்சு வளரும்போது எத்தனையோ கிழவிகள் ஒரு மகனையோ அண்ணனையோ பற்றித் தொடங்கி, அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். எது என்று இப்போது எனக்குத் தெரியும்.

2003இல் இராணுவச் சீர்திருத்தம் வந்தது. படையின் அளவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது, சேவை முடியும் வயதும் இறங்கியது. துவக்குள்ள வீடுகள் சட்டென்று குறைந்தன. தற்கொலையைத் தடுக்க அதை யாரும் செய்யவில்லை, செலவைக் குறைக்கவும் படையைச் சீராக்கவும் செய்தார்கள். பிறகு ஆய்வாளர்கள் 18 முதல் 43 வயது வரையான ஆண்களின் தற்கொலை எண்ணிக்கையை எடுத்துப் பார்த்தார்கள். குறைந்திருந்தது. துவக்கு கைக்கெட்டாமல் போனவர்களில் ஒரு சிறு பகுதியினரே வேறு வழிக்குப் போயிருந்தார்கள். ஆய்வு 2013இல் வெளியானது. அதே காலத்தில் பெண்களிடமோ வயது கூடிய ஆண்களிடமோ அப்படி ஒரு மாற்றம் இல்லை.

எங்கள் ஆட்கள் சாதாரணமாகச் சொல்வது, "சாக நினைச்சவன் எப்படியும் சாவான்." நானும் கேட்டு வளர்ந்தவள்தான். அது உண்மை இல்லை. அந்தக் கொஞ்ச நேரம் தாண்டினால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது அந்த நேரத்தில் உயிர் விஷயம்.

தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். துவக்கு ஒரு பொருட்டே இல்லை, எல்லாம் ஆளைப் பொறுத்தது என்றால் 2003க்குப் பிறகு அந்த எண்ணிக்கை குறைந்திருக்கக் கூடாது. அதே பண்பாடு, அதே ஆண்கள், அதே சூட்டுச் சங்கங்கள். மாறியது துவக்கின் எண்ணிக்கை மட்டும்.

டிசம்பர் 2

நவம்பர் 13இல் சூட்டுச் சங்கத்தைப் பற்றி எழுதியதோடு இது முட்டுகிறதே என்று ஒரு வாசகர் பிடித்திருக்கிறார். முட்டத்தான் செய்கிறது. ஊர் சேர்ந்து சுடும் பழக்கம் அடுத்தவன் மேல் துவக்கு நீள்வதைக் குறைக்கிறது என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் உள்ளுக்குள் உடைந்துபோனவனை அதே பழக்கம் வாய் திறக்க விடுவதில்லை. "எனக்கு மனசு சரியில்லை, என் துவக்கை எடுத்துக்கொண்டு போங்கள்" என்று அந்த வரிசையில் நின்று எவன் சொல்வான்?

டிசம்பர் 6

கனடாவில் இன்று 35ஆவது நினைவு நாள். 1989இல் மொன்றியலில் ஒருவன் பொறியியல் கல்லூரிக்குள் போய்ப் பெண்களைத் தனியாகப் பிரித்து நிறுத்தி 14 பேரைக் கொன்றான். தம்பி, உங்கள் நாட்டுச் சட்டத்தின் பெரும்பகுதி அந்தத் தாய் தகப்பன்மார் விடாமல் நடந்து வாங்கியது. 1995இல் எல்லாத் துவக்கையும் பதிய வேண்டும் என்ற சட்டம் வந்தது. மேற்கு மாகாணங்களின் விவசாயிகளும் வேட்டைக்காரரும் எங்களைக் குற்றவாளி ஆக்குகிறீர்களா என்று கொதித்தார்கள். 2012இல் நீளத் துவக்குப் பதிவேட்டைக் கலைத்தார்கள். அப்போது கியூபெக் மட்டும் அந்தத் தரவை அழிக்காதே என்று நீதிமன்றம் போனது. ஒரே நாடு, ஒரே சம்பவம். எங்கே நின்று பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் துவக்கு ஒரு வேலைச் சாமானாகவோ பிணப்பெட்டியாகவோ தெரிகிறது.

டிசம்பர் 8

கோயம்புத்தூர் வாசகர் குடகைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அங்கே கொடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தே லைசன்ஸ் விலக்கு உண்டு. 2019இல் இந்திய அரசு அதை 2029 வரை நீட்டியது, எதிர்த்துப் போட்ட வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் தள்ளிவிட்டது. ஆண்பிள்ளை பிறந்தால் ஒரு வெடி, சாவு என்றால் இரண்டு. செப்டெம்பரில் கைல்போல்து விழாவில் துவக்கைக் கழுவிப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். அவர்கள் வைக்கும் பூ கார்த்திகைப்பூ. நமக்கு அந்தப் பூ எதை நினைவூட்டும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

சுவிஸ் 12ஆம் பிரிவை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு சமூகம் முழுவதற்கும் விலக்கு, இங்கே ஒரு நாட்டார் முழுவதற்கும் தடை. இரண்டிலும் சட்டம் ஆளைப் பார்க்கவில்லை, பிறப்பைப் பார்க்கிறது.

டிசம்பர் 14

இல்லத்தில் இன்று ஒரு அம்மா, தொண்ணூறைத் தாண்டியவர், வாக்குரிமைக் கதை சொன்னார். சுவிஸ் பெண்களுக்கு நாட்டுத் தேர்தலில் வாக்கு கிடைத்தது 1971இல். அதற்கு முன் ஆண்கள் அடிக்கடி சொன்ன நியாயம்: துவக்குத் தூக்குகிறவன்தான் நாட்டைக் காக்கிறான், நாட்டைக் காக்கிறவனுக்குத்தான் வாக்கு. அப்பன்செல் இன்னர்ரோடன் மாநிலத்தில் ஆண்கள் இன்றைக்கும் இடுப்பில் வாள் கட்டிக்கொண்டு திடலில் நின்று வாக்களிக்கக் கை தூக்குகிறார்கள், அந்த வாளே வாக்குச் சீட்டுக்குச் சமம். அங்கே பெண்களுக்கு மாநில வாக்குக் கொடுக்க 1990இல் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டி வந்தது. ஆயுதமும் குடியுரிமையும் ஆண்மையும் இங்கே ஒரே முடிச்சு. 2011 வாக்கெடுப்பு ஏன் தோற்றது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த முடிச்சு என் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். எதிர்வீட்டுக்காரர் இத்தனை வருடமும் வணக்கம் சொல்வதோடு சரி. மகன் சீருடையோடும் துவக்கோடும் வந்து இறங்கிய நாளில் வெளியே வந்து, எந்தப் படைப்பிரிவு, எங்கே பயிற்சி, எந்த அதிகாரி என்று அரை மணி நேரம் பேசினார். தோளில் தட்டினார். கணவர் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் ஜேர்மன் படித்தோம், வரி கட்டினோம், பனி வழித்தோம். அவை எதுவும் திறக்காத கதவு அன்றைக்குத் திறந்தது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசத்தை நினைத்து இரவு முழுக்க நித்திரை வரவில்லை.

டிசம்பர் 15

அம்மம்மா என்ன சொன்னார் என்று கேட்கிறீர்கள். அவர் அலுமாரியைப் பார்த்துவிட்டுப் பேரனிடம் கேட்டார்: "எங்களுக்கு விசா குடுக்க எத்தினை வருசம் இழுத்தடிச்சாங்கள். இதுக்கு ஒரு கையெழுத்தோட குடுத்திட்டாங்களோ?" மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. அந்த அறையில் இப்போது உடுப்பு மடிப்பதும் இல்லை.

சேவை முடிந்த பிறகு துவக்கைத் தானே வைத்துக்கொள்வானா என்றும் கேட்டிருந்தீர்கள். வைத்துக்கொள்ளலாம். அனுமதி எடுத்து, சூட்டுப் பயிற்சிக்கு ஒழுங்காகப் போன ஆதாரம் காட்டி, 100 பிராங் கட்ட வேண்டும். தானாகத் தொடர்ந்து சுடும் வசதியை எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். முன்பு நிறையப் பேர் எடுத்தார்கள், இப்போது ஒரு சிறுபகுதியினர்தான். வாக்கெடுப்பில் அசையாத மனம் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது போலிருக்கிறது. மகன் இப்போதே, வேண்டாம் என்கிறான்.

டிசம்பர் 22

தனியாக எழுதிய மூன்று தாய்மாருக்கும் சேர்த்து இங்கேயே பதில் போடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

மகனின் இராணுவத் துவக்கை வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2010 முதல் அவன் விரும்பினால் இராணுவத் தளவாட நிலையத்தில் ஒப்படைத்து வைக்கலாம். காசு இல்லை, காரணமும் சொல்லத் தேவையில்லை. அடுத்த பயிற்சிக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். சேவையில் அவன் பெயருக்கு ஒரு குறையும் வராது. என் மகனிடம் கேட்டேன், புது வருடம் பிறந்ததும் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். எனக்காகத்தான் செய்கிறான், தெரியும். பரவாயில்லை.

துவக்கே தூக்க விருப்பமில்லை என்றால் குடிமைச் சேவை இருக்கிறது, இராணுவத்தை விட ஒன்றரை மடங்கு நாள். எங்கள் இல்லத்துக்கே அப்படிப் பெடியன்கள் வருகிறார்கள், நல்ல பிள்ளைகள்.

வீட்டில் யாராவது ஒடுங்கிப் போயிருந்தால், குடி கூடியிருந்தால், வீட்டுக்காரி பிரிந்து போவதாகச் சொல்லியிருந்தால் புது வருடம்வரை பார்க்க வேண்டாம். பொலிஸுக்குச் சொன்னாலும் வந்து எடுப்பார்கள். இரவு எந்த நேரமும் பேச 143 என்ற இலக்கம் இருக்கிறது, பெயர் சொல்லத் தேவையில்லை. ஜேர்மனில் பேசத் தயக்கமாக இருக்கிறவர்கள் எனக்கு எழுதுங்கள், பேர்ண் பக்கம் என்றால் நானே கூட வருகிறேன்.